திறந்தவெளித் திரைக்காட்சி (தமிழ்நாடு)

திறந்தவெளித் திரைக்காட்சி என்பது, நிலையான திரையரங்கு இல்லாத ஊர்களில், இரவு நேரத்தில் மைதானம், கோயில் முன்றில், அறுவடை முடிந்த வயல், பள்ளி வளாகம் போன்ற இடங்களில் திரை கட்டித் திரைப்படம் காட்டும் முறை ஆகும். இதனோடு நெருங்கிய தொடர்புடையது டூரிங் டாக்கீஸ் எனப்படும் நடமாடும் கூடாரத் திரையரங்கு. இது டெண்டுக் கொட்டகை, கீற்றுக் கொட்டகை, சினிமாக் கொட்டகை என்ற பெயர்களாலும் அறியப்படுகிறது. வட மாவட்டப் பேச்சு வழக்கில் கொட்டகை என்பது "கொட்டாய்" என வழங்கும். முதலாவதில் கூரை இல்லை; இரண்டாவதில் துணியாலோ தென்னங்கீற்றாலோ ஆன தற்காலிகக் கூரை உண்டு. நிலையான கட்டடம் இல்லாமை இரண்டுக்கும் பொதுவான இயல்பு. காட்சி தொடங்கும் நேரம், இடைவேளைகளின் எண்ணிக்கை, உரிம விதிகள், பார்வையாளர் அமரும் முறை ஆகிய பலவும் இந்த ஓர் இயல்பிலிருந்தே பிறந்தவை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தொலைக்காட்சி பரவிய காலம் வரை, தமிழ்நாட்டின் ஊர்ப்புற மக்கள் பலர் திரைப்படத்தை முதன்முதலில் கண்டது இத்தகைய காட்சிகளில்தான். ஜவ்வாது மலை போன்ற மலைப்பகுதிகளில் நிலையான திரையரங்குகள் அடிவார நகரங்களிலேயே இருந்தமையால், படம் மக்களைத் தேடி வரும் இம்முறை அங்கு தனிப் பொருள் பெறுகிறது.

வரலாறு

தொடக்க காலம்

1895 டிசம்பர் 28 அன்று பாரிசு நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் படம் காட்டினர். அடுத்த ஆண்டு, 1896 சூலை 7 அன்று, அவர்களது படங்கள் மும்பையில் வாட்சன் விடுதியில் திரையிடப்பட்டன. திரைப்படத்துக்கென்று கட்டடங்கள் எழுவதற்கு முன்னரே படம் காட்டுவோர் ஊர் ஊராகப் பயணம் செய்யத் தொடங்கிவிட்டனர்.

தென்னிந்தியாவில் இம்முறையின் முன்னோடியாகக் கருதப்படுபவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் (1883–1942). திருச்சிராப்பள்ளியில் தொடர்வண்டி நிறுவன ஊழியராக இருந்த இவர், 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படங்களையும் வாங்கினார். இயேசுவின் வாழ்க்கை பற்றிய படமும் அவற்றுள் அடங்கும். வேலையை விட்டுவிட்டு, கூடாரத்துடன் பல ஊர்களுக்கும் சென்று படம் காட்டினார். பின்னர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான திரையரங்கைக் கட்டினார். சென்னையில் ஒளிப்படக் கலைஞராக இருந்த ரகுபதி வெங்கையாவும் 1910 அளவில் கூடாரக் காட்சிகளை நடத்தி, இலங்கை, பர்மா வரை சென்று வந்த பின்னரே நிலையான திரையரங்கு அமைத்தார். பயணத்தில் தொடங்கிக் கட்டடத்தில் நிலைகொள்ளும் இப்போக்கு அக்காலத் திரைத்தொழிலில் பொதுவாகக் காணப்பட்டது.

பேசும்பட காலம்

முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்தது. இதன் பின்னரே "டாக்கீஸ்" என்ற சொல் தமிழகத்தில் பரவியது. நடமாடும் காட்சிகள் "டூரிங் டாக்கீஸ்" என்று பெயர் பெற்றன. ஊமைப்படக் காலத்தில் திரையின் அருகே நின்று ஒருவர் கதையை விளக்கிச் சொல்வது வழக்கம். பேசும்படம் வந்ததும் அவரது இடத்தை ஒலிபெருக்கி எடுத்துக்கொண்டது.

எழுத்தறிவு குறைவாக இருந்த ஊர்களில் தமிழ்ப் பேச்சும் பாட்டும் நிறைந்த படங்களுக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. நகரத் திரையரங்குகளில் ஓடி முடிந்த படங்கள் சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் கொட்டகைக்கு வரும். அதற்குள் படச்சுருள் பலமுறை அறுந்து ஒட்டப்பட்டிருக்கும். இதனால் ஒரே படத்தை நகரத்தார் ஒரு நீளத்திலும் ஊர்ப்புறத்தார் சற்றுக் குறைந்த நீளத்திலும் பார்க்க நேர்ந்தது.

அரசுத் திரைக்காட்சிகள்

கட்டணக் காட்சிகளோடு அரசின் இலவசக் காட்சிகளும் ஊர்ப்புறங்களுக்கு வந்தன. இந்திய அரசின் திரைப்படப் பிரிவு 1948இல் நிறுவப்பட்டு, செய்திப்படங்களையும் ஆவணப்படங்களையும் தயாரித்தது. ஐந்தாண்டுத் திட்ட விளம்பரத்துக்காக 1953இல் தொடங்கப்பட்ட அமைப்பு, 1959இல் கள விளம்பர இயக்ககம் என்று பெயர் மாற்றம் பெற்றது. இதன் ஊர்திகள் 16 மிமீ படக்கருவி, மின்னாக்கி, திரை ஆகியவற்றுடன் சிற்றூர்களுக்குச் சென்றன. குடும்பநலம், வேளாண்மை, நோய்த்தடுப்பு பற்றிய குறும்படங்கள் காட்டப்பட்டன. கள விளம்பர இயக்ககம் 2017இல் வேறு இரு அமைப்புகளுடன் இணைக்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறையும் படம் காட்டும் ஊர்திகளை இயக்கி வந்துள்ளது.

காட்சி நடைபெறும் முறை

அறிவிப்பு

படம் மாறும் நாளில் மாட்டு வண்டியின் இருபுறமும் சுவரொட்டித் தட்டிகள் கட்டி, மேளம் அடித்துக்கொண்டே துண்டு நோட்டீசுகளை வீசிச் செல்வர். மாலையில் கொட்டகையின் ஒலிபெருக்கியில் முதலில் பக்திப் பாடல்கள் ஒலிக்கும். எந்தப் பாட்டு வந்தால் காட்சி தொடங்க எவ்வளவு நேரம் உள்ளது என்பதைச் சுற்றுவட்டாரத்தார் அறிந்திருந்தனர். கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு இது நேரக் குறிப்பாகவும் பயன்பட்டது.

இருக்கை

கொட்டகையில் திரைக்கு அருகே மணல் பரப்பிய தரை, அதன் பின் பெஞ்சு, கடைசியில் நாற்காலி என்ற வரிசையில் கட்டணம் உயரும். தரை டிக்கெட்டில் ஆண், பெண் பகுதிகளைத் தாழ்ந்த சுவரோ கயிறோ பிரிக்கும். முன்னால் இருப்பவரின் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்வது வழக்கம்.

கூரையற்ற காட்சியில் கட்டண வரிசை இல்லை. பாய், சாக்கு, கட்டில் ஆகியவற்றை மக்களே கொண்டு வருவர். வெள்ளை வேட்டியாலோ மெல்லிய துணியாலோ கட்டப்பட்ட திரையில் ஒளி ஓரளவு ஊடுருவுமாதலால், பின்புறம் அமர்ந்தும் படம் பார்க்க இயலும். ஆனால் படம் இடவலமாக மாறித் தெரியும். எழுத்துகளும் இடவலம் மாறியே அமையும். வலக்கையால் வாள் வீசும் நாயகன் இடக்கையால் வீசுவார்.

இடைவேளைகள்

35 மிமீ படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள் உள்ளன. நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுவதால், நிமிடத்துக்கு 90 அடி செலவாகும். 1,000 அடிச் சுருள் சுமார் 11 நிமிடம் மட்டுமே ஓடும். 14,000 அடி நீளமுள்ள ஒரு படம் ஏறத்தாழ 2 மணி 35 நிமிடம் ஓடும். நிலையான திரையரங்குகளில் இரண்டு படக்கருவிகள் இருந்தன. ஒன்றில் சுருள் முடியும்போது மற்றது தொடங்கும். கொட்டகைகள் பெரும்பாலும் ஒரே கருவியுடன் இயங்கின. சில சுருள்களை ஒன்றாக ஒட்டிப் பெரிய வட்டில் சுற்றினாலும், ஒரு படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளைகள் விடவேண்டியிருந்தது. முறுக்கு, கடலை, தேநீர் விற்போரின் வருவாய் இந்த இடைவேளைகளைச் சார்ந்திருந்தது.

1923இல் கோடாக் நிறுவனம் அறிமுகப்படுத்திய 16 மிமீ படச்சுருளில் ஓர் அடிக்கு 40 சட்டங்கள் உள்ளன. நிமிடத்துக்கு 36 அடியே செலவாகும். அதே படம் 16 மிமீ அளவில் சுமார் 5,600 அடிக்குள் அடங்கிவிடும். 35 மிமீ படப்பெட்டிகளின் எடை ஒரு படத்துக்கு சுமார் 30 கிலோ வரும் என்பதால், சாலை வசதியற்ற ஊர்களுக்கு 16 மிமீ முறையே ஏற்றதாக இருந்தது. மேலும் பழைய 35 மிமீ படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டு வகையைச் சேர்ந்தவை. 16 மிமீ படச்சுருள் தொடக்கத்திலிருந்தே தீப்பற்றுதல் குறைந்த அசிட்டேட்டு வகையில் தயாரிக்கப்பட்டது.

ஒளியும் இருளும்

கூடாரத்தின் இடுக்குகளில் பகல் ஒளி புகும் என்பதால் கொட்டகைகளில் பகற்காட்சிகள் இல்லை. மாலை முதல் ஆட்டம், இரவு இரண்டாம் ஆட்டம் என இரு காட்சிகளே நடைபெற்றன. கூரையற்ற காட்சிக்கு இருள் இன்னும் இன்றியமையாதது. இதைக் கீழ்க்காணும் கணக்கு விளக்கும்.

3,000 லூமென் ஒளி தரும் இக்காலப் புரொஜெக்டர் ஒன்றைக் கொண்டு 4 மீட்டர் அகலமும் 2.25 மீட்டர் உயரமும் உள்ள திரையில் (9 சதுர மீட்டர்) படம் காட்டினால், திரையில் விழும் ஒளி ஏறத்தாழ 333 லக்சு ஆகும். திரையில் விழும் பிற ஒளிகளுடன் இதை ஒப்பிடலாம்.

• சூரியன் மறையும் வேளை: சுமார் 400 லக்சு. படம் ஏறத்தாழத் தெரியாது.
• மறைந்து சுமார் 20 நிமிடத்தில்: 3 முதல் 4 லக்சு. படம் தெரியும், இருண்ட காட்சிகள் வெளிறும்.
• தெருவிளக்கின் கீழ்: சுமார் 10 லக்சு.
• முழுநிலவு: சுமார் 0.25 லக்சு.

எனவே திறந்தவெளிக் காட்சிக்கு முழுநிலவைவிட ஒரு தெருவிளக்கே பெரிய தடை. ஆனால் பழைய 16 மிமீ கருவிகள் தந்த ஒளி இதில் ஒரு சிறு பங்கே. 300 லூமென் என்று கொண்டால், அதே திரையில் 33 லக்சு மட்டுமே விழும். அந்நிலையில் இரவுக் காட்சிகளில் முழுநிலவின் பாதிப்பும் கண்ணுக்குப் புலப்படும்.

நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள தமிழ்நாட்டில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்திப்பொழுது குறுகியது. மறைந்து முக்கால் மணி நேரத்தில் காட்சிக்குப் போதிய இருள் கிடைத்துவிடும். வட ஐரோப்பிய நாடுகளில் கோடைக் காலத் திறந்தவெளிக் காட்சிக்கு இரவு 10 மணி வரை காத்திருக்க நேர்வதுடன் இதனை ஒப்பிடலாம்.

ஒலி

காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. திரையருகே உள்ள ஒலிபெருக்கியிலிருந்து 34 மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பவருக்கு ஒலி பத்தில் ஒரு நொடி தாமதித்தே வந்து சேரும். உதட்டசைவும் பேச்சும் சற்று ஒத்துவராது. திறந்தவெளியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர்கள் இல்லாமையால், தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலியளவு 6 டெசிபெல் குறைகிறது. இவ்விரு காரணங்களால் சிறு கூட்டத்துக்கே இம்முறை மிகவும் ஏற்றது.

எனினும், தெளிந்த இரவுகளில் தரையை ஒட்டிய காற்று விரைவில் குளிர்ந்து, மேலுள்ள காற்று வெப்பமாக இருக்கும். அப்போது ஒலி மேலே சிதறாமல் தரையை நோக்கி வளைகிறது. அடுத்த ஊர்க் கொட்டகையின் வசனம் இரவில் வீட்டுத் திண்ணை வரை கேட்டதற்கு இதுவே காரணம்.

சட்ட விதிகள்

திரைப்படக் காட்சிகளை முறைப்படுத்த 1918இல் இந்தியத் திரைப்படச் சட்டம் இயற்றப்பட்டது. சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அமைக்கப்பட்ட இந்தியத் திரைப்படக் குழு 1927–28இல் நாடு முழுவதும் சென்று விசாரணை நடத்தியது. விடுதலைக்குப் பின், தணிக்கை 1952ஆம் ஆண்டின் மைய அரசுச் சட்டத்தின் கீழும், காட்சியிட உரிமம் 1955ஆம் ஆண்டின் மாநிலத் திரையரங்குகள் (ஒழுங்குமுறை) சட்டத்தின் கீழும் வந்தன. மாநில விதிகள் நிலையான திரையரங்கு, நடமாடும் திரையரங்கு முதலியவற்றைத் தனித்தனி வகைகளாகப் பிரித்தன.

நடமாடும் திரையரங்குக்கு உரிமம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே தரப்பட்டது. காலம் முடிந்ததும் புதுப்பிக்கவோ இடம் மாறவோ வேண்டும். ஆயினும் நடைமுறையில் பல கொட்டகைகள் ஒரே ஊரில் பல ஆண்டுகள் நீடித்தன. பெயரில் மட்டும் "டூரிங்" எஞ்சியது. கட்டடமாகக் கட்டினால் உரிம வகை மாறும் என்பதாலும், செலவு மிகும் என்பதாலும் கீற்றுக் கூரையே தொடர்ந்தது. இதன் விளைவு சில இடங்களில் கொடியதாக அமைந்தது. 1979 சூலையில் தூத்துக்குடியில் ஒரு கொட்டகையில் ஏற்பட்ட தீவிபத்தில் பெரும் எண்ணிக்கையில் பார்வையாளர்கள் உயிரிழந்தனர். கீற்றுக் கூரை, குறுகிய வாயில், நெருக்கமான கூட்டம் ஆகியவை ஒன்றுசேர்ந்த இடங்களில் இத்தகைய ஆபத்து எப்போதும் இருந்தது.

இன்று திறந்தவெளியில் படம் காட்டுவோர் கருத்தில் கொள்ளவேண்டிய விதிகள் பின்வருமாறு:

• பொதுக் காட்சிக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவை.
• கட்டணம் பெறாவிட்டாலும், படத்தின் உரிமையாளரிடம் பொதுக் காட்சிக்கான இசைவு பெறவேண்டும். கடையில் வாங்கிய குறுவட்டோ இணையச் சந்தாவோ இவ்வுரிமையைத் தருவதில்லை.
• 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை விலக்கு அளிக்கலாம்.
• காப்புக்காடுகளில் வனத்துறையின் இசைவு வேண்டும்.

ஒலிபெருக்கி விதியின் விளைவாக இரண்டாம் ஆட்டம் என்பது திறந்தவெளியில் இயலாததாகிவிட்டது. இரவு 7.15க்குத் தொடங்கும் 2 மணி 35 நிமிடப் படம், இடைவேளையின்றி ஓடினால் 9.50க்கு முடியும்.

சமூகப் பங்கு

இலங்கைத் தமிழறிஞர் கா. சிவத்தம்பி, தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதல் நிகழ்கலைக் களம் திரையரங்கே என்ற கருத்தை முன்வைத்தார். அங்கு இருக்கை பிறப்பால் அன்றி, கட்டணம் செலுத்தும் ஆற்றலால் அமைந்தது என்பது அவரது வாதம். திரைப்பட வரலாற்றாளர் சு. தியடோர் பாஸ்கரனும் தமிழ்த் திரைப்படத்தின் சமூக, அரசியல் பங்கை விரிவாக ஆராய்ந்துள்ளார். கட்சிக் கொடிகளும் மேடைப் பேச்சும் எட்டாத ஊர்களுக்கு அரசியல் கருத்துகளைக் கொண்டு சேர்த்ததில் கொட்டகைக்குப் பங்குண்டு.

ஆனால் இக்கருத்து எல்லாத் திறந்தவெளிக் காட்சிகளுக்கும் ஒரே அளவில் பொருந்தாது. டிக்கெட் பெற்று நுழையும் கொட்டகை பொதுவாக ஊருக்கு வெளியே, சாலையோரத்தில் அமைந்திருந்தது. பணம் தந்தவர் எவரும் உள்ளே செல்லலாம். திருவிழாவின்போது கோயில் முன்றிலிலோ ஊர்த்தெருவிலோ காட்டப்பட்ட இலவசப் படத்துக்கு நுழைவுச் சீட்டு இல்லை. ஆயினும் அவ்விடங்களில் யார் வரலாம், எங்கு அமரலாம் என்பதை ஊரின் சாதி வழக்கங்களே தீர்மானித்தன. திரை கட்டும் இடம் எது என்பது பார்வையாளர் யார் என்பதையும் முடிவு செய்தது. இதனால் பிற்காலத்தில் மாற்றுத் திரையிடல் நடத்துவோர் பள்ளி மைதானம் போன்ற பொது இடங்களைத் தேர்ந்தெடுப்பது முதன்மை பெற்றது.

தெருக்கூத்துடன் தொடர்பு

திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் பகுதிகள் தெருக்கூத்துக்குப் பெயர் பெற்றவை. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கூத்து இரவு முழுவதும் நடைபெறும். கருமாதிக்கு முந்தைய இரவில் கர்ண மோட்சம் ஆடுவதும் வழக்கம். எனவே திறந்தவெளியில் பாய் விரித்து விடியும் வரை கதை பார்ப்பது இப்பகுதி மக்களுக்குத் திரைப்படத்தால் வந்த புதிய பழக்கம் அன்று. 1980களில் வீடியோ டெக் வந்தபோது, தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஓர் இரவில் இரண்டு, மூன்று படங்கள் போடுவது திருவிழா, திருமணம், கருமாதி ஆகியவற்றில் பரவியது. கூத்துக் குழுக்களுக்குக் கிடைத்துவந்த சில இரவுகள் இவ்வாறு படத்துக்குச் சென்றன.

ஜவ்வாது மலை

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இது திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இவர்கள் தமிழ் பேசுவோர். கேரளத்து மலையாளிகளுடன் இப்பெயரைக் குழப்பிக்கொள்ளுதல் கூடாது. சாமை முதலிய சிறுதானியங்கள் பயிரிடப்படுகின்றன. ஜமுனாமரத்தூர் மலைப்பகுதியின் முதன்மை ஊர். இங்கு கோடை விழா நடத்தப்படுகிறது.

மலையூர்கள் சிறியனவாகவும் ஒன்றுக்கொன்று விலகியும் அமைந்துள்ளன. ஒரு நிலையான திரையரங்கு இயங்க நாள்தோறும் சில நூறு பார்வையாளர் வேண்டும். சிதறிய குடியிருப்புகளில் இது அரிது. எனவே திரையரங்குகள் போளூர், செங்கம், திருப்பத்தூர், வாணியம்பாடி போன்ற அடிவார நகரங்களிலேயே அமைந்தன. இரவுக் காட்சி முடிந்து மலையேற வண்டி கிடைப்பதில்லை என்பதால், மலையூர்க்காரருக்கு ஒரு படம் என்பது டிக்கெட் செலவோடு ஒரு நாள் கூலி இழப்பும் ஓர் இரவுத் தங்கலும் ஆகும். ஊருக்கே வரும் திரை இந்த மூன்று செலவுகளில் இரண்டை நீக்கிவிடுகிறது.

இருள் இம்மலையின் இயற்கை வளங்களுள் ஒன்று. நகர ஒளியிலிருந்து விலகி இருப்பதைக் கருதியே வானியலாளர் வைணு பாப்பு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரை வானாய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்தார். 1960களின் இறுதியில் இங்கு பணி தொடங்கியது. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டு, ஆய்வகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. திரைக்காட்சிக்கும் விண்மீன் நோக்குக்கும் தேவைப்படுவது ஒன்றே. ஆயினும் இரண்டும் ஒன்றுக்கொன்று இடையூறாகவும் ஆகலாம். திரையைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டுதல், காட்சி முடிந்ததும் மேல்நோக்கிய வெள்ளொளி விளக்குகளைத் தவிர்த்தல், காட்டோரத்தில் ஒலியைக் குறைத்தல் ஆகியவை வானாய்வுக்கும் வனவிலங்குகளுக்கும் நேரும் இடையூற்றைக் குறைக்கும்.

இம்மலையின் குறுக்கு நெடுக்குக் கோடுகளின்படி சூரிய மறைவு ஆண்டில் ஏறத்தாழ மாலை 5.45 முதல் 6.40 வரை மாறுகிறது. ஆகவே காட்சி தொடங்க ஏற்ற நேரம் 6.30 முதல் 7.30 வரை ஆகும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்தவெளிக் காட்சிக்கு உகந்ததன்று. சனவரியில் பனியால் திரைத்துணி நனைந்து தொய்யும். கருவியின் வில்லையில் நீர் படியும். பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்கள் ஏற்றவை. மே மாதத்தில் மாலை இடிமழை வாய்ப்பு உண்டு.

வீழ்ச்சி

டூரிங் டாக்கீசுகளின் மறைவுக்குத் தொலைக்காட்சி மட்டுமே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. உண்மையில் பல காரணங்கள் அடுத்தடுத்துச் சேர்ந்தன.

• சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15 அன்று தொடங்கியது. 1987இல் கொடைக்கானல் ஒளிபரப்பி வந்தபின் தென்மாவட்டங்களிலும் தொலைக்காட்சி எட்டியது.
• 1980களில் வீடியோ டெக், படத்தை வீட்டுக்கும் தெருவுக்கும் கொண்டுவந்தது.
• 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. தமிழ்ப் படங்கள் நாள்தோறும் வீட்டிலேயே கிடைத்தன.
• 2006 முதல் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியது.
• 2010களின் தொடக்கத்தில் திரைத்தொழில் எண்ணிம முறைக்கு மாறியதும், புதிய படங்களுக்குப் படச்சுருள் பிரதிகள் எடுப்பது நின்றது. பழைய கருவிகளில் ஓட்டப் புதிய படம் இல்லாமற்போனது.

முதல் நான்கும் பார்வையாளரைக் குறைத்தன. கடைசி மாற்றம் எஞ்சியிருந்த கருவிகளைப் பயனற்றதாக்கியது. பேருந்து வசதி பெருகியதால் நகரத் திரையரங்கு அருகில் வந்ததும், சாலையோர நிலத்தின் விலை ஏறியதும் துணைக் காரணங்கள். பல கொட்டகை நிலங்கள் திருமண மண்டபங்களாகவும் வீட்டு மனைகளாகவும் மாறின.

பிற இடங்களில்

மகாராட்டிரத்தில் ஊர்த் திருவிழாக்களைப் பின்தொடர்ந்து செல்லும் கூடாரத் திரையரங்குகள் 21ஆம் நூற்றாண்டிலும் நீடித்தன. இவற்றைப் பற்றி சர்லி ஆபிரகாம், அமித் மதேசியா ஆகியோர் இயக்கிய "தி சினிமா டிராவலர்ஸ்" என்ற ஆவணப்படம் 2016இல் வெளிவந்தது. கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாம் 1984இல் தோழர்களுடன் ஒடேசா என்ற அமைப்பைத் தொடங்கினார். இவ்வமைப்பு ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடமே பணம் திரட்டி, "அம்ம அறியான்" (1986) என்ற படத்தை எடுத்தது. இவரே தமிழில் "அக்ரகாரத்தில் கழுதை" (1977) படத்தை இயக்கியவர்.

மலாயாவில் 1946இல் மலாயத் திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்டது. படம் காட்டும் ஊர்திகள் சிற்றூர்களுக்குச் சென்றன. தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களும் திடலில் திரை கட்டிப் படம் பார்த்தனர். கியூபாவில் மலையூர் மக்கள் வாழ்வில் முதன்முறையாகத் திரைப்படம் காணும் இரவை, ஒக்தாவியோ கோர்த்தாசரின் 1967ஆம் ஆண்டுக் குறும்படம் பதிவு செய்துள்ளது.

இன்றைய நிலை

எண்ணிமப் புரொஜெக்டர்களின் எடை சில கிலோ மட்டுமே. 30 கிலோ படப்பெட்டிகளின் இடத்தில் விரலளவு நினைவகம் போதுமானதாகியுள்ளது. இதனால் பள்ளிகள், திரைப்பட இயக்கங்கள், தன்னார்வக் குழுக்கள் ஆகியவை சிறு கூட்டத்துக்குப் படம் காட்டுதல் எளிதாகியுள்ளது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மாணவர்களுக்குச் சிறார் திரைப்படங்கள் காட்டும் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது.

கைபேசியில் எவரும் எப்படத்தையும் தனியே பார்க்க இயலும் காலத்தில், திறந்தவெளிக் காட்சியின் பயன் படத்தைக் கொண்டு சேர்ப்பதில் இல்லை. ஊரார் ஒன்றுகூடி ஒரே நேரத்தில் பார்ப்பதும், முடிந்தபின் அதைப் பற்றிப் பேசுவதுமே அதன் எஞ்சிய பணியாகும். கொட்டகைகளைப் பற்றிய எழுத்து ஆவணங்கள் குறைவு. உரிமத் தாள்கள், துண்டு நோட்டீசுகள், டிக்கெட்டுகள், படக்கருவி இயக்கிய ஆபரேட்டர்களின் நினைவுகள் ஆகியவையே முதன்மைச் சான்றுகள். ஆபரேட்டர்களில் பலர் முதுமை அடைந்துவிட்டதால், அவர்களது வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்தல் காலத்தோடு செய்யவேண்டிய பணியாக உள்ளது.

இவற்றையும் பார்க்க

• சாமிக்கண்ணு வின்சென்ட்
• தெருக்கூத்து
• ஜவ்வாது மலை
• வைணு பாப்பு வானாய்வகம்
• தமிழ்த் திரைப்பட வரலாறு